சரியான கோல் கணக்கா, வெற்றி தோல்வி மட்டுமா?

வேலூர் கோட்டை மைதானத்தில் மாலையில் பந்தாடிவிட்டு, இரவில் ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களுக்குத் தங்களுக்குள் கணிப்புப் போட்டி வைக்கும் இளைஞர்கள், இறுதிக் கோல் கணக்கைச் சொல்வதா, யார் வெல்வார் என்பதை மட்டும் சொல்வதா என்று குழம்புகிறார்கள்.

வாய்ப்பு: இதுதான் முதன்மையான வேறுபாடு. ஓர் அணி சராசரியாக 1.5 கோலும் எதிரணி 1.2 கோலும் அடிக்கும் என்று கொண்டு, சராசரியிலிருந்து ஒவ்வொரு கோல் எண்ணிக்கைக்குமான வாய்ப்பைத் தரும் பாய்சான் (Poisson) என்னும் நிகழ்தகவு முறையில் கணக்கிட்டால், வலுவான அணி வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 44 விழுக்காடு. தனித்த கோல் கணக்குகளில் மிக அதிக வாய்ப்புள்ள 1-1 என்பதற்கோ 12 விழுக்காடுதான். எனவே, நன்கு அறிந்தவரும் கோல் கணக்கில் பெரும்பாலும் தவறுவார். அது அவருடைய அறிவுக் குறைவு அன்று.

உழைப்பு: வெற்றியாளரைச் சொல்ல அணிகளின் அண்மைய ஆட்டங்களே போதும். கோல் கணக்குக்குத் தாக்குதல், தற்காப்பு இரண்டின் சராசரியும் தேவை.

விதித் தெளிவு: 2022 உலகக் கோப்பை இறுதியாட்டம் 90 நிமிடத்தில் 2-2, கூடுதல் நேரத்தின் முடிவில் 3-3, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என வென்றது. எந்தக் கணக்கு செல்லும் என்பதை முன்பே எழுதி வைக்காவிட்டால் சண்டை உறுதி.

பருவம் முழுதும் நடத்தும் போட்டிக்கு வெற்றி, தோல்வி, சமநிலைக் கணிப்பே நியாயமானது. ஒரே இறுதியாட்டத்துக்குக் கோல் கணக்கு வைக்கலாம். பலர் ஒரே புள்ளியில் நிற்கும்போது முதலிடத்தைப் பிரிக்கவும் அது மிகவும் உதவும். எதுவாயினும் பணம் கட்டி ஆட வேண்டாம்.