அடிக்கடி நின்றுபோகும் பெல்லட் ஸ்டவ்: எப்போது நிற்கிறது என்று பாருங்கள்

மரத்தூளை இறுக்கிச் செய்த பெல்லட்டில் எரியும் ஸ்டவ்தான் பல குளிர்காலங்களாக எங்கள் வீட்டைச் சூடாக வைத்திருக்கிறது. சூடு சீராக வருகிறது, விறகு பிளந்து அடுக்கும் வேலை இல்லை, சாம்பலும் குறைவு. ஆனால் இதைப் பயன்படுத்துகிறவர்களிடம் பேசினால் ஒரே குறை திரும்பத் திரும்பக் காதில் விழும்: நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே தானாக நின்றுவிடுகிறது. மறுபடி போட்டால் எரிகிறது, மறுபடி நிற்கிறது. இந்தத் தொல்லைக்காகவே நல்ல ஸ்டவ்வைக் கழற்றி விற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இப்படி நின்றுபோகும் ஸ்டவ்வில் பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டிருப்பதில்லை. காற்றுப் போகும் வழி எங்கோ சாம்பலால் அடைபட்டிருக்கும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஹாப்பர் எனப்படும் தொட்டியில் கொட்டிய பெல்லட்டை ஆகர் எனப்படும் திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்துக்குத் தள்ளுகிறது. இக்னைட்டர் பற்றவைக்கிறது. ஒரு பிளோயர் புகையை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பால்தான் கிண்ணத்தின் அடித்துளைகள் வழியே தீக்குக் காற்று கிடைக்கிறது. இன்னொரு பிளோயர் அறைக்குள் சூட்டை ஊதுகிறது. காற்றிழுப்பு இருக்கிறதா என்று வேக்கம் சுவிட்ச் சொல்ல வேண்டும். தீ எரிகிறதா என்று புகைவழியில் உள்ள வெப்ப சென்சார் சொல்ல வேண்டும். ஹாப்பர் பக்கம் சூடு மீறவில்லை என்று இன்னொரு சுவிட்ச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று மறுத்தாலும் ஆகர் நின்றுவிடும். சில நிமிடங்களில் தீயும் அடங்கிவிடும். ஆகவே திரையில் வரும் எரர் கோட் என்பது அந்தச் சுவிட்ச் கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு அல்ல. அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. எரர் கோட் வந்ததும் புதுச் சுவிட்ச் வாங்கி மாட்டினால் பணம் போகும், குறை அப்படியே இருக்கும்.

போட்டுப் பதினைந்து, இருபது நிமிடத்தில் நிற்கிறதா? பற்றவைத்த பிறகு புகைவழி குறிப்பிட்ட சூட்டை எட்டும்வரை ஸ்டவ்வை இயக்கும் கண்ட்ரோல் போர்டு காத்திருக்கும். அந்தக் கெடுவுக்குள் எட்டவில்லை என்றால் தீ இல்லை என்று முடிவெடுத்துவிடும். கண்ணாடி வழியே பாருங்கள். தீ வரவே இல்லையென்றால் இக்னைட்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் கிண்ணத்தைக் கழற்றி, இக்னைட்டரின் சூடு வந்து சேரும் துளையையும் அடித்துளைகளையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கிண்ணத்துக்குக் கீழே சாம்பல் சேர்ந்து, அது சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தாலும் காற்று துளை வழியே போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். தீ நன்றாக எரிந்தும் நின்றுபோனால் வெப்ப சென்சாரின் முனையில் படிந்த கரியைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். கரிப்படலம் சூட்டை மறைத்துவிடும்.

சில மணி நேரம் எரிந்த பிறகு நிற்கிறது, தீயும் மஞ்சள்சிவப்பாகச் சோம்பலாக ஆடுகிறது, கண்ணாடி சீக்கிரம் கறுக்கிறது என்றால் அது காற்றுப் பஞ்சம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "தினமும் சுத்தம் செய்கிறேனே" என்பார்கள். தினமும் கிண்ணத்தையும் சாம்பல் தட்டையும்தான் சுத்தம் செய்கிறோம். நுண்ணிய சாம்பல் அதற்கு அப்பால், தீயறையின் பின்தகடுகளுக்குப் பின்னாலும், வெப்பம் கடத்தும் குழாய்களுக்கு இடையிலும், புகை இழுக்கும் பிளோயருக்குப் போகும் குறுகிய வழியிலும் படிந்துகொண்டே போகும். அதைத் திறக்கும் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று கையேட்டில் தேடிப் பாருங்கள். சில மாடல்களில் திருகைக் கழற்றினால்தான் தெரியும். பிளோயரின் இறக்கைகளில் சாம்பல் அப்பியிருந்தால் மோட்டார் சுற்றும், இழுப்பு இருக்காது. பிளோயரைக் கழற்றினால் கசிவைத் தடுக்கும் அதன் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுவது நல்லது. வெளியே போகும் குழாயின் டி வடிவ இணைப்பில் அடிமூடியைத் திறந்து கொட்டிவிட வேண்டும். குழாயின் வெளிமுனையில் உள்ள வலையில் கரி ஒட்டியிருக்கிறதா, பறவை கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அனுபவசாலிகள் பலர் கையாளும் ஒரு வழி, இலை ஊதும் பிளோயரின் உறிஞ்சும் பக்கத்தைக் குழாயின் வெளிமுனையில் பொருத்தி, உள்ளே தகடுகளைத் தட்டிக்கொண்டே இழுப்பது. கை எட்டாத இடத்துச் சாம்பலெல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் ஸ்டவ்வுக்கு இதைவிடப் பலன் தந்த வேலை வேறில்லை. ஸ்டவ் முழுக்க ஆறி, மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். சாம்பலுக்குள் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண வேக்கம் கிளீனரில் உறிஞ்சினால் பைக்குள் தீப்பிடிக்கும். சாம்பலுக்கென்றே உள்ள வேக்கமும், மூடியுள்ள இரும்பு வாளியும் அவசியம்.

சுத்தம் செய்தும் வேக்கம் சுவிட்சின் எரர் கோட் வருகிறதென்றால் கதவைப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள கயிறு கேஸ்கெட் நாளடைவில் தட்டையாகிவிடும். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். அடுத்தது வேக்கம் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய். அது ஸ்டவ்வோடு சேரும் உலோக முனையில் சாம்பல் அடைத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றி முனையைக் கம்பியால் குத்திவிடுங்கள். குழாய் சுவிட்சில் மாட்டியிருக்கும்போது வாயால் ஊதக்கூடாது, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

ஹாப்பர் நிறைய பெல்லட் இருந்தும் கிண்ணம் காலியாகி நின்றதா? ஹாப்பரைத் திறந்து பாருங்கள். ஆகருக்கு மேலே, குழிநரிப் பூச்சி மணலில் பறிக்கும் குழி போலப் பள்ளம் விழுந்து, சுற்றிலும் பெல்லட் சரியாமல் நிற்கும். நீளமான பெல்லட்டும் தூளும் கலந்திருந்தால் இப்படி ஆகும். மோட்டார் சுற்றியும் பெல்லட் வரவில்லையென்றால், ஆகர் குழாயில் தூள் இறுகியிருக்கலாம், அல்லது மோட்டாரைத் தண்டோடு பிணைக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறையாவது ஹாப்பரை முழுக்கக் காலிசெய்து தூளை உறிஞ்சி எடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பெல்லட்டின் தரத்தில் கைவைத்து மிச்சம் பிடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஈஎன்பிளஸ் என்ற பெல்லட் தரச்சான்றின் ஏ1 தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பி தரத்தில் சாம்பல் 2 சதவீதம்வரை போகலாம். எண்ணில் சிறிதாகத் தெரியும் இந்த வித்தியாசம் கிண்ணத்தில் பெரிதாகத் தெரியும். மரப்பட்டையும் மண்ணும் கலந்த பெல்லட்டில் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாக இறுகித் துளைகளை மூடிவிடும். ஈரத் தரையில் வைத்த மூட்டையில் பெல்லட் உப்பி உதிரும். மூட்டை மாற்றிய நாளிலிருந்துதான் குறை தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டவ்வைத் தொடாமலே விடை கிடைத்துவிடக்கூடும்.

குறைந்த சூட்டில் நன்றாக ஓடி, உச்சத்தில் வைத்தால் மட்டும் நிற்கிறது என்றால், அறைக்குச் சூட்டை ஊதும் பிளோயரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடு வெளியே போகாமல் உள்ளேயே தேங்கினால் அதிவெப்ப சுவிட்ச் விழும். பல மாடல்களில் அதைக் கையால் அமுக்கித்தான் மீட்க வேண்டும். மாறாக, உச்சத்தில் ஓடிக் குறைவில் மட்டும் நிற்கிறதென்றால், பெல்லட் வரத்து போதாமல் தீ தளர்கிறது. அளவை ஒரு படி கூட்ட வேண்டும்.

காற்று பலமாக வீசும்போது மட்டும் நின்றால் வெளிமுனையின் இடமும் தொப்பியும் சரியில்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது மட்டும் நின்றால், இறுக்கமாக மூடிய வீட்டில் அதுவும் ஸ்டவ்வும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகின்றன. வெளியிலிருந்து ஸ்டவ்வுக்கு நேரடியாகக் காற்றுக் குழாய் வைத்தால் தீரும். நொடிநேர மின்தடையிலும் போர்டு நின்றுவிடும்.

வேக்கம் சுவிட்சின் இரு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஓடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். புகை வெளியேறாத ஸ்டவ்வில் தொடர்ந்து பெல்லட் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஸ்டவ் உள்ள அறையிலும் படுக்கையறைப் பக்கமும் அதற்கான அலாரம் இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நின்றால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அவரிடம் "அடிக்கடி நிற்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். போட்டு எவ்வளவு நேரத்தில், எந்த அளவில், எந்த எரர் கோடோடு நிற்கிறது, நிற்கும்போது தீயின் நிறம் என்ன, ஆகர் முதலில் நின்றதா தீ முதலில் அணைந்ததா என்று எழுதி வைத்துக் கொடுங்கள்.