முதலில் பற்றரி, பிறகு கருவி: திருகோணமலை வீடொன்றில் நீண்டகாலப் பயன்பாடு

வீட்டு வேலைக்கும் கராஜ் வேலைக்கும் பற்றரியில் இயங்கும் கருவிகளை வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் ட்ரில்லின் விலையையும் அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணையும் கேட்கிறார்கள். பாலையூற்றில் எங்கள் வீட்டிலும், காரும் மோட்டார் சைக்கிளும் நிற்கிற பின்வளவுத் தகரக் கொட்டகையிலும் பல ஆண்டுகளாக இக்கருவிகளோடு வேலை செய்து வருகிறவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு பற்றரி வகையை வாங்கிவிட்டால், அடுத்து வாங்கும் ஒவ்வொரு கருவியும் அந்தப் பற்றரி பொருந்துகிறதாகவே இருக்க வேண்டியிருக்கும். நல்ல கருவியின் மோட்டார் எளிதில் கெடுவதில்லை. சூட்டில் தளர்வதும் சில ஆண்டுகளில் மறுபடி பணம் கேட்பதும் பற்றரிதான். ஆகவே, இந்தப் பற்றரி இன்னும் ஐந்து ஆண்டு கழித்து நம் ஊரிலோ கொழும்பிலோ கிடைக்குமா, இதில் வேறு என்னென்ன கருவிகள் இயங்கும் என்பதைத்தான் கடைக்காரரிடம் முதலில் விசாரிக்க வேண்டும்.

நான் தெரிவு செய்தது மக்கிட்டாவின் 18 வோல்ட் எல்.எக்ஸ்.ரி. வகை. அந்த வகை 2005 இல் சந்தைக்கு வந்தது. மிகப் பழைய பற்றரிகள் சில புதிய கருவிகளில் ஏறாது என்ற சிறு விதிவிலக்கைத் தவிர, பற்றரியின் பொருத்தும் வடிவம் இன்றுவரை மாறவில்லை. அதே நிறுவனத்தின் 40 வோல்ட் வகை முற்றிலும் வேறு. இரண்டுக்கும் பற்றரி மாறிப் பொருந்தாது. பொஷ் நிறுவனத்திலும் பச்சை நிற வீட்டுக் கருவிகளுக்கும் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளுக்கும் 18 வோல்ட் என்றே எழுதியிருந்தாலும் ஒன்றின் பற்றரி மற்றதில் ஏறாது. பெயரும் எண்ணும் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பற்றரியைக் கையில் எடுத்துக் கருவியில் பொருத்திப் பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். டிவோல்ட், மில்வோக்கி ஆகியவையும் சிறந்தவைதான். நம் ஊர்க் கடைகளில் அதிகம் காணப்படும் இன்கோ, டோட்டல் போன்றவை விலையில் மிகக் குறைந்தவை. மாதத்தில் ஓரிரு முறை அலுமாரிக் கதவு பூட்டவும் திரைச்சீலைக் கம்பி மாட்டவும் மட்டும் வேண்டுமென்றால் அவற்றை வாங்குவதில் தவறொன்றுமில்லை. பக்கத்து வீட்டில் அப்படியொரு ட்ரில் சில ஆண்டுகளாக எந்தக் குறையுமின்றி வேலை செய்துகொண்டிருக்கிறது.

வோல்ட் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஒரு லித்தியம் அயன் கலத்தின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். அதே கலம் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட்டைத் தொடும் என்பதால், அதே ஐந்து கலங்கள் சார்ஜரிலிருந்து எடுத்த கணத்தில் 21 வோல்ட்டைக் காட்டும். ஆகவே ஒரு நிறுவனம் 18 என்றும், இன்னொன்று 20 என்றும், பெயர் தெரியாத மூன்றாவது 21 என்றும் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஐந்து கல அமைப்பைத்தான். 88 வி.எஃப்., 128 வி.எஃப். என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பற்றரிகளும் விற்பனைக்கு வருகின்றன. அந்த எண்களுக்கும் உள்ளிருக்கும் மின்னழுத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உண்மையில் பார்க்க வேண்டிய எண் அம்பியர் மணி. வோல்ட்டை அதனால் பெருக்கினால் பற்றரிக்குள் இருக்கும் சக்தி வொட் மணியில் கிடைக்கும்: 2 அம்பியர் மணிப் பற்றரியில் 36 வொட் மணி, 5 அம்பியர் மணிப் பற்றரியில் 90 வொட் மணி. சிறியதில் பொதுவாக ஐந்து கலங்களும் பெரியதில் பத்துக் கலங்களும் இருப்பதால் கையில் தூக்கும்போதே வேறுபாடு தெரியும். 5 அம்பியர் மணி என்று எழுதிய பற்றரி 2 அம்பியர் மணிப் பற்றரியின் எடையே இருந்தால் அதற்குள் பத்துக் கலங்கள் இல்லை என்று உடனே முடிவு செய்யலாம். போலிப் பற்றரிகளை இனங்காண இதைவிட எளிய வழியை நான் அறியேன். கடையில் ஒரு தராசு இருந்தால் போதும். பெரிய பற்றரியே எப்போதும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஏணியில் நின்று தலைக்கு மேலே திருகாணி ஏற்றும்போது சிறிய பற்றரியின் இலேசுதான் கையைக் காப்பாற்றுகிறது. எங்கள் வீட்டில் இரண்டு சிறியவையும் ஒரு பெரியதும் இருக்கின்றன. ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது சார்ஜரில் இருக்கும் என்பதால் வேலை தடைப்பட்டதில்லை.

கருவிகளில் எனக்கு அதிகம் பயன்பட்டது ட்ரில் அல்ல, திருகாணி ஏற்றும் இம்பக்ட் ட்ரைவர். மாரிக்கு முன்னர் கூரைத் தகரத்தின் திருகாணிகளை மாற்றுவது இங்கே பல வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கிற வேலை. கடற்காற்றில் திருகாணியின் தலை துருப்பிடித்து, அதன் இறப்பர் வாஷர் வெடித்து, முதல் மழையிலேயே ஒழுகத் தொடங்கும். முன்பெல்லாம் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை முற்றத்திலிருந்து கூரைக்கு இழுத்து, ஈரம் படாமல் ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இப்போது கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, துளையிட்டுக்கொண்டே இறங்கும் கூரைத் திருகாணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிவிட்டு இறங்க முடிகிறது. வயர் இல்லாமையின் முழு அருமை கூரையின் மேல்தான் தெரியும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்த காலத்தில் கூரைகளை முன்கூட்டியே இறுக்கிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இம்பக்ட் ட்ரைவர் சுழற்சியோடு பக்கவாட்டில் தட்டித் தட்டித் திருகுவதால் மணிக்கட்டு முறுகுவதில்லை, திருகாணியின் தலையும் எளிதில் தேய்வதில்லை. ஆனால் பாலை, முதிரை போன்ற இறுகிய மரங்களில் முன்துளை இடாமல் திருகாணியை ஏற்றினால் திருகாணி முறியும், அல்லது பலகை வெடிக்கும். எங்கள் கதவு நிலைகளைச் செய்த ஓடாவியார், "மரத்துக்கு வழி விடாமல் ஏத்தினா மிசின் என்ன செய்யும், தம்பி?" என்று கேட்டது இன்றும் பொருந்துகிறது. முன்துளைக்கு ட்ரில், திருகாணிக்கு இம்பக்ட் ட்ரைவர் என்று இரண்டையும் கையருகே வைத்துக்கொள்வதே வசதி. இரண்டும் ஒரே பற்றரியில் இயங்குவதால் செலவும் அவ்வளவாகக் கூடுவதில்லை.

சுவர் வேறு விடயம். சீமெந்துக் கல் சுவரிலும் செங்கல் சுவரிலும் ரோல் பிளக் அடிப்பதற்கு ஹமர் ட்ரில் போதும். கொங்கிறீற் லிண்டலிலோ பீமிலோ அதைக் கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பிற்றின் முனை சிவந்து மழுங்கிவிடும். அதற்கு எஸ்.டி.எஸ். பிளஸ் எனப்படும், அடிப்பகுதியில் பள்ளமிட்ட பிற்றுப் பொருந்தும் ரோட்டரி ஹமர் வேண்டும். அதிலுள்ள ஆடுதண்டு காற்றழுத்தத்தால் பிற்றை உண்மையாகவே அடிக்கிறது. ஹமர் ட்ரில்லில் நடப்பது இரண்டு பற்சக்கரங்கள் உரசி எழுப்பும் அதிர்வு மட்டுமே. வீட்டில் லிண்டலைத் துளைக்க வேண்டிய தேவை எப்போதோ ஒருமுறைதான் வருமென்றால் அதை வாடகைக்கோ இரவலாகவோ எடுப்பது புத்திசாலித்தனம்.

கிரைண்டரைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது: வீட்டில் பிளக் இருக்கும்போது பற்றரிக் கிரைண்டர் தேவையில்லை. 700 வொட் வலுவில் இழுத்துக்கொண்டு ஓடும் கிரைண்டர் 90 வொட் மணிப் பற்றரியை எட்டு நிமிடத்துக்குள் காலியாக்கிவிடும். வேலையைப் பொறுத்து அந்த நேரம் கூடலாம். ஆனாலும் வெட்டுவேலைதான் பற்றரியை மிக அதிகமாகச் சூடாக்கி அதன் ஆயுளைக் குறைக்கிறது. கேற் செய்வதற்கு இரும்பு வெட்டுகிறவர்கள், தளத்துக்கு ஓடு வெட்டுகிறவர்கள் வயருள்ள கிரைண்டரையே வாங்கட்டும். அது மலிவு, காபன் பிரஷ் தேய்ந்தால் நகரில் எந்தக் கடையிலும் மாற்றலாம். பற்றரியில் வாங்குகிற ட்ரில்லும் ட்ரைவரும் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளவையாக இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். தீப்பொறி இல்லை, தேய்மானம் குறைவு, அதே பற்றரியில் வேலை நேரமும் கூடுகிறது.

கராஜில் அரை அங்குல இம்பக்ட் ரெஞ்ச் ஒன்று சில்லு நட்டுகளைக் கழற்றுவதில் பெரிய உதவி. சிறிய கார்களின் சில்லு நட்டுகளை 85 முதல் 110 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை வரையே இறுக்க வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதற்கு அதைவிட அதிக விசை வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு மட்டுமே இம்பக்ட் ரெஞ்ச். இறுக்குவது எப்போதும் கையால், இறுதியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால். மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மூடிகளில் உள்ள சிறிய போல்ட்டுகளுக்கு இம்பக்ட் எதையும் நான் கொண்டுபோவதில்லை. அலுமினிய மரை ஒருமுறை உரிந்தால் அதைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.

இனி நம் ஊரின் வெயில். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டும். தகரக் கொட்டகைக்குள் அது இன்னும் கூடும். சார்ஜ் செய்வதற்கு மக்கிட்டாவின் கையேடு சொல்லும் வெப்பநிலை எல்லை 10 முதல் 40 பாகை வரை. எனவே பகலில் கொட்டகைக்குள் சார்ஜ் செய்வது பற்றரிக்குக் கேடு. சார்ஜரை வீட்டுக்குள் குளிர்ந்த தரையில் வைத்து, வேலை முடிந்த பற்றரியை அரை மணித்தியாலம் ஆறவிட்டு, மாலையில் ஏற்றுவதே எங்கள் வழக்கம். விறாந்தை வெயிலிலோ பூட்டிய காருக்குள்ளோ பற்றரியை விட்டுச் செல்லக் கூடாது. நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் முழுதாக நிரப்பி வைக்காமல், பாதியளவு ஏற்றி நிழலான அலுமாரியில் வைக்க வேண்டும். முழுச் சார்ஜும் சூடும் சேரும்போதுதான் லித்தியம் கலம் விரைவாக முதுமையடைகிறது.

வெயிலைவிட மெதுவாக, ஆனால் நிச்சயமாகக் கெடுப்பது உப்பு. அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை ஒட்டியிருக்கும் வீடுகளில் ட்ரில்லில் பிற்றைப் பிடிக்கும் சக் ஒரு மாரிக்குள் செம்மை பூத்துவிடுவதைப் பார்க்கலாம். சக்கில் ஒரு துளி எண்ணெய் தேய்த்தால் அது அடங்கும். பற்றரியின் பித்தளைத் தொடுகைகளில் பச்சைப் பூச்சு படிந்தால் அவ்வளவு எளிதில் தீராது. தொடுகை சரியாக இல்லாத இடத்தில் மின்தடை கூடிச் சூடேறி, பிளாஸ்டிக்கும் உருகத் தொடங்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு கருவிகளை வைப்பதும், மாதம் ஒருமுறை தொடுகைகளை உலர்ந்த துணியால் துடைப்பதும் போதுமான பராமரிப்பு. நீரும் உப்பும் கலந்த ஈரத்துணி கூடவே கூடாது.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, நிரப்பி வைத்த பற்றரியும் அதில் பொருந்தும் எல்.ஈ.டி. விளக்கும் காற்றாடியும் கருவிகளைவிட அதிகம் உதவின. காற்றாடி ட்ரில்லைப் போல இழுப்பதில்லை. குறைந்த வேகத்தில் பெரிய பற்றரி ஓர் இரவைத் தள்ளிவிடும். மலிவான இன்வேட்டர்களின் அலை சீரான சைன் வடிவத்தில் இருப்பதில்லை; சார்ஜரை அவற்றில் செருகுவதற்கு முன் அதன் கையேட்டைப் படித்துவிடுவது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லிக் கருவி எடுப்பிக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. இலண்டனிலிருந்து வருவது சிக்கலில்லை. அங்கும் 230 வோல்ட், பிளக்கும் நாம் பயன்படுத்தும் சதுர ஊசிப் பிளக். கனடாவிலிருந்து வரும் சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது. அதை நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். பற்றரியும் கருவியும் அங்கும் இங்கும் பெரும்பாலும் ஒன்றேயாதலால், அவர்களிடம் கருவியை மட்டும் கொண்டுவரச் சொல்லிச் சார்ஜரை இங்கே வாங்குவதே சரியான வழி. விமானத்தில் உதிரிப் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வொட் மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 5 அம்பியர் மணிப் பற்றரி 90 வொட் மணி என்பதால் அந்த எல்லைக்குள் வருகிறது. 6 அம்பியர் மணிப் பற்றரி 108 என்பதால் வருவதில்லை. வாங்கித் தருகிறவருக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள்.

எங்கள் பற்றரிகளில் பழையது இப்போது இம்பக்ட் ரெஞ்சில் போட்டால் சிறிது நேரத்திலேயே நின்றுவிடுகிறது. அதே பற்றரி விளக்கில் மணிக்கணக்காக எரிகிறது. முதுமையடைந்த கலத்தின் உட்தடை கூடுவதால் பெரிய மின்னோட்டத்தைத் தர முடிவதில்லை, சிறிய மின்னோட்டத்தைத் தாராளமாகத் தருகிறது. அதனால் தளர்ந்த பற்றரியை எறியாமல் விளக்குக்கும் காற்றாடிக்கும் ஒதுக்கிவிடலாம். சார்ஜரும் ஏற்க மறுக்கும் நிலை வந்தால், அதன் தொடுகைகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, குப்பைப் பையில் போடாமல், இலத்திரனியல் கழிவு சேகரிக்கிறவர்களிடம் ஒப்படைக்கும் வரை தீப்பற்றும் பொருட்கள் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வைத்திருக்க வேண்டும்.