வானியல் சொல்ல எது தோது: ஒற்றைப் படமா, ஸ்க்ரோல் பக்கமா, சிமுலேஷனா?

பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே மற்ற ஏழு கோள்களையும் வரிசையாக அடுக்கிவிடலாம் என்று ஒரு படம் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஏழின் சராசரி விட்டங்களையும் கூட்டினால் சுமார் 3,80,000 கி.மீ.; நிலாவின் சராசரித் தொலைவு 3,84,400. கணக்கு அழகாக உட்காருகிறது. ஆனால் அந்தத் தொலைவு மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தது. பூமியின் ஆரத்தையும் நிலாவின் ஆரத்தையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 3,76,300 தான். இடிக்கிறது! நிலா தள்ளிப் போய் 4,05,000-ஐத் தொடும் நாட்களில் தாராளமாக இடம் இருக்கும். கிட்டே வந்து 3,63,000-க்கு இறங்கும்போது வாய்ப்பே இல்லை. இந்த ‘எப்போது’ என்கிற சங்கதி படத்தில் கிடையாது.

இருந்தும் அந்தப் படத்தை நான் குறை சொல்லமாட்டேன். நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அத்தனை சீக்கிரம் மண்டையில் ஏற்றும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஒற்றைப் பட இன்ஃபோகிராஃபிக்கின் பலம் அதுதான். ஒரு பார்வையில் முடிந்துவிடும், பழைய போனிலும் திறக்கும், ஆசிரியர் அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம்.

பலவீனம் எங்கே என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரியும். 1080 பிக்சல் அகலப் படத்தில் பூமி–நிலா தொலைவை அளவு மாறாமல் வரைய முடியுமா? முடியும். பூமி 35 பிக்சல், நிலா 9 அல்லது 10 பிக்சல், நடுவே வெறும் கறுப்பு. நன்றாகவே இருக்கும். (அப்புறம் ஏன் முக்கால்வாசிப் படங்களில் இரண்டும் ஒட்டி உறவாடிக்கொண்டு நிற்கின்றன என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.) அதே அகலத்தில் சூரியனையும் பூமியையும் வைத்தால் கதை மாறிவிடும். சூரியனுக்குச் சுமார் 10 பிக்சல் வரும். பூமிக்கு ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால்தான் எல்லாக் கோள்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ‘அளவுப்படி அல்ல’ என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஸ்க்ரோல் பக்கம் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். ஜாஷ் வொர்த் என்ற வடிவமைப்பாளர் 2014-இல் நிலாவை ஒரே ஒரு பிக்சலாக வைத்துச் சூரிய மண்டலம் முழுவதையும் ஒரு பக்கத்தில் நீட்டினார். சூரியன் 400 பிக்சல். அங்கிருந்து பூமிக்கு வர 43,000 பிக்சல் தள்ள வேண்டும். வழி நெடுக இருட்டு, இடையிடையே கொஞ்சம் கிண்டல் வரிகள். பக்கத்தை ஒளியின் வேகத்தில் தானாக நகர வைக்கவும் ஒரு வசதி உண்டு. அதை அழுத்திவிட்டு உட்கார்ந்தால் பூமி வர எட்டு நிமிடத்துக்கு மேல், நெப்டியூன் வர நான்கு மணி நேரத்துக்கு மேல். யாரும் அதுவரை காத்திருப்பதில்லை. அந்தச் சலிப்புதான் அங்கே பாடம். வெறுமையைப் படமாக வரைய முடியாது, கடக்க மட்டும்தான் வைக்க முடியும். ஆனால் இந்த வடிவத்துக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பருவகாலம் ஏன் வருகிறது, கிரகணம் ஏன் மாதாமாதம் வருவதில்லை போன்ற கேள்விகளுக்கு அது லாயக்கில்லை.

பருவகாலத்தில் ஒற்றைப் படம் பண்ணும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. பருவகாலத்துக்குக் காரணமான பூமியின் அச்சுச் சாய்வைக் காட்ட வேண்டும் என்றால் பக்கவாட்டிலிருந்துதான் வரைய வேண்டும். அப்படி வரைந்தால் ஏறக்குறைய வட்டமான சுற்றுப்பாதை நீள்வட்டமாகத் தெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் மட்டுமா? 1987-இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக, பட்டமளிப்பு விழாவுக்கு வந்திருந்த ஹார்வர்டு பட்டதாரிகளிடமும் பேராசிரியர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தூரத்தைத்தான் காரணம் சொன்னார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். நமக்கு மார்கழிக் குளிர். மிகத் தள்ளி இருக்கும் ஜூலையில்கூடத் தூரம் 15.2 கோடிதான். சுற்றுப்பாதையை மேலிருந்து பார்த்தபடி 1000 பிக்சல் அகலத்தில் சரியாக வரைந்தால், அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் வித்தியாசம் ஒரு பிக்சல்கூட வராது. சூரியன் மட்டும் மையத்திலிருந்து எட்டு பிக்சல் விலகி நிற்கும், அவ்வளவுதான்.

மேலிருந்து பார்த்தால் சாய்வு தெரியாது, பக்கவாட்டில் பார்த்தால் வட்டம் தெரியாது. விரலால் திருப்பிப் பார்க்கிற சிமுலேஷனில் இரண்டும் தெரியும். நீள்வட்டம் கண்ணெதிரே வட்டமாக மாறும்போது மாணவருக்கே விஷயம் விளங்கிவிடும், தனியாக யாரும் சொல்லித்தர வேண்டாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் ஈர்ப்பும் சுற்றுப்பாதையும் பற்றிய சிமுலேஷனில் இன்னொரு நேர்மை உண்டு. ஊதிப் பெரிதாக்கிய மாதிரி ஒரு திரையில், உண்மை அளவு இன்னொரு திரையில். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவினால் பூமியும் நிலாவும் புள்ளியாகச் சுருங்கும். ‘அளவுப்படி அல்ல’ என்ற பொடி எழுத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

பிறைக்கும் சிமுலேஷன்தான் என் ஓட்டு. பாட வரைபடங்களில் வளர்பிறை செங்குத்தாக நிற்கும். மாசி, பங்குனியில் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மூன்றாம் பிறையைப் பாருங்கள், படகு போலப் படுத்துக் கிடக்கும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஸ்டெல்லேரியம் போன்ற கோளரங்கச் செயலியில் ஊரைக் குறித்துக் கொடுத்தால் நம் வானத்தையே காட்டும்.

சரி, எல்லாவற்றையும் சிமுலேஷனாகவே போட்டுவிடலாமா? அதற்கு ஆயுள் உத்தரவாதம் இல்லை. நெப்ராஸ்கா–லிங்கன் பல்கலைக்கழகம் உருவாக்கிய அருமையான வானியல் சிமுலேஷன்கள் ஃப்ளாஷ் என்ற பழைய பிரவுசர் மென்பொருளில் ஓடியவை. 2020 டிசம்பரோடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷைக் கைவிட்டது, பிரவுசரில் அவை நின்றுபோயின. பிறகு கணினியில் இறக்கி நிறுவிக்கொள்ளும்படி தந்தார்கள். போனை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு அது எட்டாது. படத்துக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஆக, தமிழில் ஒரு வானியல் தளம் நடத்துபவர் ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் நான் சிமுலேஷனைச் செய்யச் சொல்லமாட்டேன். இருப்பதற்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, படத்தை ஒழுங்காகப் போடச் சொல்வேன். எண்களையும் விளக்கத்தையும் படத்துக்குள் திணிக்காமல் கீழே பக்கத்தின் எழுத்தாகவே வைக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளம். படத்தைச் சுருக்கினால் புள்ளியும் கொம்பும் கலங்கிவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, தேடலிலும் அகப்படாது. தவிர, எண்கள் மாறுகின்றன. சனிக்கு 62 நிலாக்கள் என்று எழுதிய படங்களை இப்போதும் பார்க்கிறேன். 2025 மார்ச்சில் அந்த எண்ணிக்கை 274 ஆகிவிட்டது. பக்கத்தில் எழுத்தாக இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருக்கலாம்.