கிராக்கன் ஜெர்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எனக்குப் போலி ஜெர்சி விற்ற ஆள் இன்று காலை என் தொலைபேசி எண்ணை முடக்கிவிட்டான். 14,800 ரூபாய் போனது போனதுதான். ஆத்திரம் தணிந்த பிறகு எழுதலாம் என்று அண்ணன் சொல்கிறார். அதற்குள் இன்னொருவர் பணம் கட்டிவிடுவாரே!

அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியான சியாட்டில் கிராக்கன் 2021-ல் களமிறங்கிய நாள் முதல் அண்ணனும் நானும் அந்த அணியின் ரசிகர்கள். அங்கே இரவு ஆட்டம் என்றால் சேலத்தில் காலை. 2023-ல் நடப்புச் சாம்பியன் கொலராடோ அணியைத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று வீழ்த்தியபோது இங்கே மே தின விடுமுறை. இரண்டு கோலும் எங்கள் அணி வீரர் பியோர்க்ஸ்ட்ராண்ட் அடித்தது. நாங்கள் போட்ட கூச்சலில் மாடி வீட்டு அத்தை பதறி இறங்கி வந்துவிட்டார்.

நான் ஏமாந்தது, வெளிநாட்டு அணிகளின் ஒரிஜினல் ஜெர்சிகளை வரவழைத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில். முதுகில் 32 போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "ரசிகர்களின் எண் அல்லவா அது!" என்று உடனே பதில் வந்தது. சீசன் டிக்கெட்டுக்கு முதல் நாளே 32,000 பேர் முன்பணம் கட்டியதையும், அதற்காகவே அந்த எண்ணை எந்த வீரருக்கும் தராமல் அணி ரசிகர்களுக்கு ஒதுக்கியதையும் அவனே விவரமாக எழுதினான். நம் ஊர்ப்பக்கம் இதெல்லாம் தெரிந்த ஒருவரா என்று மனம் குளிர்ந்துபோனது. அப்போதே 14,800 ரூபாயை அனுப்பினேன். அணியின் மீது ரசிகன் வைத்த அன்பையே தூண்டிலாக்கினானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வந்தது என்ன தெரியுமா? மெல்லிய பனியன் துணி. தனித் துணியில் வெட்டித் தைத்திருக்க வேண்டிய எண், வெறும் அச்சு. அணிச் சின்னமான எஸ் எழுத்துக்குள் இருக்கும் கிராக்கன் என்ற கடல் அரக்கனின் சிவப்புக் கண் ஆரஞ்சுப் புள்ளியாக இருந்தது. தோளில் இருக்க வேண்டிய நங்கூரச் சின்னமே இல்லை. களத்தில் கைகலப்பு வந்தால் ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துவிடாதபடி கால்சட்டையோடு பிணைக்கும் பட்டை ஒன்று உள்பக்கம் முதுகில் இருக்கும். அதுவும் இல்லை. அம்மாபேட்டையில் எங்கள் தையற்காரர் நகத்தால் லேசாகச் சுரண்டினார்; 32-ல் பாதி உதிர்ந்தது. "தம்பி, இதற்கு முந்நூறு ரூபாய்கூட அதிகம்" என்றார்.

கேட்டால் முதலில், பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றான். அனுப்பினேன். கூரியரில் மாறியிருக்கும் என்றான். கூரியர் அலுவலகத்தில் எடை சரியாக இருக்கிறது, மாறவில்லை என்றார்கள். பிறகு மேலாளர் அழைப்பார் என்றான்; யாரும் அழைக்கவில்லை. கடைசியில், "சேலத்து வெயிலுக்கு இது போதும் சார், ஒரிஜினல் கனமாக இருக்கும்" என்று எழுதினான். 14,800 ரூபாயை வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் வெயிலைக் காரணம் சொல்கிறான்! அதன்பிறகுதான் எண்ணை முடக்கினான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. உள்பட்டையையும் தையலையும் நேரலை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விலகிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன். இதே பக்கத்தில் பணம் இழந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.