கீழ்த்தளமா, இரண்டாங்கட்டா: மீன் குஞ்சு எடுக்க எந்த அறை?

காரைக்குடியில் எங்கள் புது வீட்டுக்கு வண்டி நிறுத்தத் தரைக்கு அடியில் ஒரு கீழ்த்தளம் உண்டு. அங்கே ஒரு வருடம் பன்னிரண்டு தொட்டி வைத்து மீன் வளர்த்தேன். அப்புறம் பாதியைப் பள்ளத்தூரில் ஐயா (தாத்தா) வீட்டு இரண்டாங்கட்டு அறைக்கு, அதாவது பழைய செட்டிநாட்டு வீட்டில் முன்கட்டுக்குப் பின்னால் முற்றத்தை ஒட்டிய பகுதிக்கு, மாற்றினேன்.

வெயிலுக்கு இரண்டுமே நல்ல இடம். சித்திரையில் தகரக் கொட்டகைத் தொட்டி கொதிக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். கீழ்த்தளத்தை மண் காக்கிறது, ஐயா வீட்டைத் தடித்த சுண்ணாம்புச் சுவர் காக்கிறது. மாடி அறை வேண்டவே வேண்டாம்; எடையும் அதிகம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 56 லிட்டர் பிடிக்கும். ஆங்கிள் ஸ்டாண்டில் ஆறு வைத்தால் தண்ணீரே 340 கிலோவுக்குப் பக்கம்.

என்னை அலைக்கழித்தது தண்ணீரை வெளியேற்றும் வேலைதான். வாரம் கால் பங்கு மாற்றினால் பன்னிரண்டு தொட்டிக்கு 170 லிட்டர். கீழ்த்தளத்தில் சாக்கடை நம் தலைக்கு மேலே இருக்கிறது. மோட்டார் ஏற்றிவிடும், சரி. கரண்ட் போனால் வாளியோடு படியேற வேண்டும். ஐயா வீட்டில் ட்யூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தொட்டியில் போட்டு மறுமுனையைத் தொட்டியைவிடத் தாழ்ந்த முற்றத்து வடிகாலில் விட்டால் போதும், தானாக வடிந்துவிடும். முற்றத்தில் கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக்கொள்ளலாம். எங்கள் போர் தண்ணீர் கடினம். கப்பி, மோலி மீன்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். டெட்ரா மீன் முட்டைக்கு மென்மையான தண்ணீர் வேண்டும்.

ஆனால் பழைய வீட்டில் கை கூசும். குஞ்சுத் தீனிக்கு ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் பொரிக்கும் உப்புத் தண்ணீர் பாட்டில் கசிந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பூத்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் நிறம் முழுதாகத் திரும்பவில்லை. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. "சுவர்ல ஈரம் ஏறினா யாருப்பா பதில் சொல்றது?" என்று அப்பச்சி (அப்பா) கேட்டது நியாயம். இப்போது உப்புப் பாட்டில் முற்றத்தில்தான். ஸ்டாண்டும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது.

தொட்டித் தண்ணீரால் வரும் ஈரக்காற்று கீழ்த்தளத்திலும் உண்டு; ஃபைட்டர் மீனுக்கு வேண்டியதே அதுதான். ஆண் மீன் நுரைக்கூடு கட்டிக் காக்கும்; முட்டை இரண்டு நாளில் பொரியும். சில வாரத்தில் குஞ்சுக்குக் காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு வளரும். அப்போது தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று குளிர்ந்து உலர்ந்திருந்தால் குஞ்சு தேறாது. அதனால் கண்ணாடி மூடி போட்டே வைக்கிறேன்.

கப்பி, மோலி மட்டும் வளர்ப்பவர் இரண்டாங்கட்டுக்கே போகலாம். எனக்கு ஃபைட்டர் கீழே, மற்றதெல்லாம் பள்ளத்தூரில். போன வாரம் கீழே மூடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணிமை நீளம்கூட இல்லாத குஞ்சு ஒன்று மேலே வந்து, ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கியது.