ஆழமா, அகலமா? மேல்நிலைப் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழக வாயிலையும் சேர்த்து எடைபோடும் ஓர் அலசல்

மேல்நிலைப் பாடத்திட்டத்தைத் திருத்த முற்படுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு தொடங்குகிறார்கள்: பதினாறு வயது முதல் பதினெட்டு வயது வரை ஒரு மாணவர் எத்தனை பாடங்களை, எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும்? அந்தப் பாடங்களில் பெறும் மதிப்பெண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் எப்படி எண்ணப்படும் என்பது வேறு யாரோ, வேறு எப்போதோ தீர்க்க வேண்டிய நிர்வாகச் சிக்கலாகத் தள்ளிவைக்கப்படுகிறது. பல நல்ல சீர்திருத்தங்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். எந்தப் பாடம் வகுப்பறையில் உயிரோடு நடத்தப்படும், எது கால அட்டவணையில் மட்டும் இருக்கும் என்பதைப் பாடத்திட்ட ஆவணத்தைவிடச் சேர்க்கை விதியே அதிகம் தீர்மானிக்கிறது. ஆகவே கீழே வரும் முறைகளை, பாடத்திட்டம் ஒரு புறம், பல்கலைக்கழகத்தின் வாயில் மறுபுறம் என்று பிரிக்காமல், இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

மூன்று பாடங்களா, ஆறு பாடங்களா

இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் முறை 1951இல் தொடங்கியது. மாணவர் பொதுவாக மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்து, இரண்டு ஆண்டுகள் அவற்றிலேயே ஊன்றிப் படிக்கிறார். இதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இயற்பியலும் கணிதமும் வேதியியலும் மட்டுமே படிக்கும் ஒருவர் பதினெட்டு வயதில் எட்டும் ஆழம் மற்ற முறைகளில் அரிது. இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகளில் முடிவதற்கு இந்த ஆழமே அடித்தளம். ஆனால் அந்த ஆழத்துக்கு விலையாக, மொழியையோ கணிதத்தையோ வரலாற்றையோ பதினாறு வயதிலேயே முற்றாகக் கைவிடும் முடிவை மாணவர் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

இந்தக் குறுகலைத் தளர்த்த அங்கே பலமுறை முயன்றிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இரண்டாண்டுப் படிப்பை இரு பாதிகளாகப் பிரித்து, முதல் ஆண்டில் நான்கு பாடங்களைப் படிக்க வழிசெய்தது. 2015 முதல் அந்த முதல் பாதித் தேர்வு முழு ஏ-லெவலிலிருந்து துண்டிக்கப்பட்டதும் நான்காவது பாடம் மெல்ல மறைந்தது. தேர்வுகள் அனைத்தையும் ஒரே பட்டய அமைப்புக்குள் கொண்டுவரும்படி 2004இல் அரசு நியமித்த டாம்லின்சன் குழு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அரசு அதன் மையக் கருத்தை ஏற்க மறுத்துவிட்டது. கணிதமும் ஆங்கிலமும் பதினெட்டு வயது வரை தொடரும் புதிய சான்றிதழ் ஒன்றைப் பிரதமர் ரிஷி சுனக் 2023இல் அறிவித்தார். 2024இல் ஆட்சி மாறியதும் அதுவும் கைவிடப்பட்டது. இத்தனை முயற்சிகளும் தேய்ந்து போனதற்கு அரசியல் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் அகலத்தைக் கூட்டினால் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் மூன்றாண்டுப் பட்டம் போதாமல் போகும். நான்காவது ஆண்டின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை காணாமல் பள்ளிப் பக்கத்தை மட்டும் மாற்ற முடியாது.

1968இல் ஜெனிவாவில் நிறுவப்பட்ட அமைப்பு நடத்தும் ஐ.பி. (சர்வதேச பக்கலோரியா) டிப்ளமோ இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. மாணவர் ஆறு பாடங்களைப் படிக்க வேண்டும். தாய்மொழி அல்லது முதன்மை மொழியின் இலக்கியம், இன்னொரு மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம் ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது. ஆயினும் ஆறும் சம எடை கொண்டவை அல்ல: மூன்று பாடங்கள் ஏறத்தாழ 240 மணி நேர உயர்நிலையிலும், மூன்று 150 மணி நேரப் பொதுநிலையிலும் நடத்தப்படுகின்றன. இந்தச் சமமின்மையையே இம்முறையின் அறிவார்ந்த கூறாக நான் பார்க்கிறேன். எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் திணிக்காமல், மாணவர் ஊன்றிப் படிக்க விரும்பும் மூன்றுக்கு இடம் விட்டு, மற்ற மூன்றையும் அவர் கைவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளிகள், 4,000 சொல் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் சேர்த்து 3 புள்ளிகள் என மொத்தம் 45. மொத்தப் புள்ளி எண்ணப்படுவதால், பொதுநிலைப் பாடங்களையும் மாணவர் அலட்சியம் செய்ய முடிவதில்லை. குறை என்னவென்றால், ஆறு துறைகளுக்கும் இரண்டு நிலைகளிலும் ஆசிரியர்களை வைத்திருக்கும் வசதி சிறிய பள்ளிகளுக்குக் கிடையாது. ஒரு நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்குமான முறையாக இதை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

ஹாங்காங் செய்தது என்னைப் பெரிதும் கவர்கிறது. இங்கிலாந்தில் தீராமல் நின்ற கேள்விக்கு அது நேரடியாக விடை சொன்னது. 2009இல் நடைமுறைக்கு வந்த '3-3-4' அமைப்பு (மூன்றாண்டு இடைநிலை, மூன்றாண்டு மேல்நிலை, நான்காண்டுப் பட்டப்படிப்பு), ஏழாண்டு இடைநிலை, மேல்நிலைக் கல்வியை ஆறாண்டாகக் குறைத்து, இரண்டு பொதுத்தேர்வுகளை ஒன்றாக்கி, பட்டப்படிப்பை மூன்றிலிருந்து நான்கு ஆண்டாக நீட்டியது. பள்ளியிலிருந்து எடுத்த ஓராண்டைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள்; ஆழத்தின் ஒரு பகுதியும் அதனோடு இடம்பெயர்ந்தது. 2012இல் பழைய முறையில் முடித்தவர்களும் புதிய முறையில் முடித்தவர்களும் ஒரே ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தபோது, இரண்டு அணிகளுக்கும் தனித்தனிப் படிப்புகளை நடத்த வேண்டியிருந்தது. அந்தச் சுமையை முன்கூட்டியே கணித்துத் திட்டமிட்டிருந்தார்கள்.

அங்கும் வாயில் தன் வேலையைக் காட்டியது. சீனம், ஆங்கிலம், கணிதம், நடப்புச் சமூக விவகாரங்களை அலசும் பொதுக் கல்வி என்னும் நான்கு கட்டாயப் பாடங்களில், 1 முதல் 5 வரையிலான தரநிலைகளில் முறையே 3, 3, 2, 2 நிலைகளை எட்டினால்தான் பட்டப்படிப்பின் அடிப்படைத் தகுதி கிடைக்கும் என்று விதிக்கப்பட்டது. நான்கில் ஒன்று தவறினாலும் கதவு மூடிவிடும் என்பதால் நேரமெல்லாம் அவற்றுக்கே போயிற்று. மூன்றாவது விருப்பப் பாடத்தைக் கைவிட்டு இரண்டோடு நிறுத்திக்கொள்வோர் பெருகினர். அகலம் கருதி வகுத்த திட்டம் அகலத்தையே சுருக்கியது. பின்னர் பொதுக் கல்விப் பாடம் நீக்கப்பட்டு, 2021 முதல் ஏறத்தாழப் பாதி நேரமே கொண்ட குடிமைப் பாடம் வந்தது. அதில் தேறினாரா இல்லையா என்பது மட்டுமே குறிக்கப்படுகிறது. நேரத்தை மீட்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டாலும், 2019 போராட்டங்களுக்குப் பின் அந்தப் பாடத்தின் உள்ளடக்கம் பற்றி எழுந்த அரசியல் சர்ச்சையை ஒதுக்கிவிட்டு அம்மாற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கட்டாயப் பாடம் எதுவாயினும் அதன்மேல் ஆட்சியாளரின் கண் விழும் என்பதையும் அகலத்தை விரும்புவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

விருப்பத் தெரிவின் விலை

நிலையான பிரிவுகளை ஒழித்து, பாடங்களை மாணவரே சேர்த்துக்கொள்ளட்டும் என்பது இப்போது செல்வாக்குப் பெற்றுள்ள வழி. பிரான்ஸ் 2019 முதல் தன் பொது மேல்நிலையில் இலக்கியம், பொருளியல், அறிவியல் என்ற பழைய பிரிவுகளைக் கலைத்தது. மாணவர் முதலில் மூன்று சிறப்புப் பாடங்களைத் தேர்ந்து, இறுதியாண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார். நோக்கம் நல்லது; அறிவியல் பிரிவே உயர்ந்தது என்ற படிநிலையை உடைக்க விரும்பினார்கள். ஆனால் கணிதம் பொதுப் பாடங்களிலிருந்து வெளியேறிச் சிறப்புப் பாடமானதும், அதை அறவே விட்டவர்கள் பெருகினார்கள். கடைசியில் 2023 முதல், கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்காதவர்களுக்கும் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் அதைக் கட்டாயமாக்க வேண்டியதாயிற்று.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2014இல் அங்கே தொடங்கிய பல்கலைக்கழகச் சேர்க்கைத் தேர்வுச் சோதனை முறையில், ஏழு பாடங்களில் விரும்பிய மூன்றை மாணவர் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொரு பாடத்திலும் கிடைக்கும் புள்ளி, அதே பாடத்தை எடுத்தவர்களிடையே மாணவர் பெறும் இடத்தைப் பொறுத்தது. திறமையானவர்கள் இயற்பியலில் குவிவார்கள், அவர்களோடு மோதினால் பின்தங்குவோம் என்று கணக்குப் போட்ட நடுத்தர மாணவர்கள் இயற்பியலைவிட்டு விலகினார்கள். அவர்கள் விலகவே, எஞ்சியவர்களிடையே போட்டி மேலும் இறுகி, அடுத்த ஆண்டு இன்னும் பலர் விலகினார்கள். பாடநூலிலோ ஆசிரியரிடமோ குறை இல்லை. மதிப்பெண்ணைக் கணக்கிட்ட விதம் ஒரு பாடத்தையே காலி செய்தது. 2021இல் எட்டு மாகாணங்களில் முதன்முறையாகத் தேர்வு கண்ட மாற்று அமைப்பு, இயற்பியல் அல்லது வரலாறு இரண்டில் ஒன்றைக் கட்டாயமாக்கி, அவற்றுக்கு நேரடி மதிப்பெண்ணையே எண்ணியது.

வெவ்வேறு பாடங்களை எடுத்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது எப்படி என்ற இதே சிக்கலுக்கு இலங்கை 2001இல் இசட் புள்ளியைக் கொண்டுவந்தது. மாணவரின் மதிப்பெண்ணிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவால்) வகுப்பது அதன் கணக்கு. கடினமான பாடத்தை எடுத்தவர் அதற்காகத் தண்டிக்கப்படாமல் இருக்க இது உதவுகிறது. ஆனால் அந்தப் பாடத்தை எடுத்தவர்கள் யார் என்பதை அது பார்ப்பதில்லை. 2011ஆம் ஆண்டு உயர்தரத் தேர்வில் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒன்றாகக் கணக்கிடப்பட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இரு தொகுதிகளுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்பதே முடிவாயிற்று. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு, அந்த மாற்றத்தைச் சேர்க்கைக் கணக்கு எப்படிக் கையாளும் என்பதை முன்பே எழுத்தில் தந்திருக்க வேண்டும். இது சலுகையன்று, அவர்களுக்குரிய நியாயம்.

வாயில் எப்போது திறக்க வேண்டும்

இங்கிலாந்தில் மாணவர் தேர்வு எழுதுமுன்பே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறார். அவர் பெறக்கூடிய தரத்தை ஆசிரியர் கணித்து எழுத, அதன்பேரில் நிபந்தனையுடன் இடம் தரப்படுகிறது. தன் மாணவர்மேல் நம்பிக்கை வைக்கும் பள்ளியில் படிப்பவருக்கும் தயங்கிக் கணிக்கும் பள்ளியில் படிப்பவருக்கும் வாய்ப்பு வேறுபடுகிறது. 2020இல் தேர்வுகள் ரத்தானபோது இந்தக் கணிப்பைத் திருத்த வந்த கணினிச் சூத்திரம், பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியை அளவுகோலாக்கி, ஏறத்தாழ 40 விழுக்காடு தரங்களை ஆசிரியர் மதிப்பிட்டதற்குக் கீழே இறக்கியது. சில நாள்களில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. முடிவுகள் வந்தபின் விண்ணப்பிக்கும் முறைக்கு மாறலாமா என்று 2021இல் கருத்துக் கேட்டார்கள். 2022இல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

பிரான்ஸ் எதிர்ப்பக்கத்தில் இடறியது. 2018 முதல் இயங்கும் பார்கூர்சுப் சேர்க்கைத் தளத்தில் உண்மையான தேர்வு மதிப்பெண்ணே இடம்பெற வேண்டும் என்பதற்காக, 2023இல் சிறப்புப் பாடத் தேர்வுகளை மார்ச் மாதத்தில் நடத்தினார்கள். கல்வியாண்டின் கடைசி மாதங்களில் வகுப்பறைகள் வெறிச்சோடின. அடுத்த ஆண்டே தேர்வு ஜூனுக்குத் திரும்பியது. சேர்க்கை நாட்காட்டி அசையாமல் நிற்க, தேர்வை மட்டும் முன்னே தள்ளியதன் விளைவு இது.

தனி நுழைவுத் தேர்வு என்னும் வழியைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. பள்ளிக்கு வெளியே ஒரு தேர்வு முடிவைத் தீர்மானித்தால், பள்ளிப் பாடத்திட்டத்தில் என்ன சீர்திருத்தம் செய்தாலும் அது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது; பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டக்கூடியவருக்கு முன்னுரிமை கிடைக்கிறது.

பின்லாந்து இதிலிருந்து விலகிவந்த விதம் கவனிக்கத்தக்கது. 1852இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வாகத் தொடங்கிய அதன் மேல்நிலை இறுதித் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. மாணவர் அதைத் தொடர்ச்சியான மூன்று பருவங்களில் பகுதி பகுதியாக எழுதலாம். தாய்மொழி மட்டுமே அனைவருக்கும் கட்டாயம். 2022 முதல் குறைந்தது ஐந்து பாடங்களை எழுத வேண்டும். துறைவாரி நுழைவுத் தேர்வுகளுக்காகப் பிள்ளைகள் ஆண்டுகளை இழப்பதைக் குறைக்கும் நோக்கில், 2020 முதல் பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் இந்தச் சான்றிதழின் அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன. இங்கும் ஒரு தவறு நேர்ந்தது: புள்ளிக் கணக்கில் விரிவான கணிதத்துக்குப் பெரும் எடை தரப்பட்டதால், கணிதம் தேவைப்படாத துறைக்குப் போக நினைத்தவர்களும் புள்ளிக்காக அதை எடுக்கத் தொடங்கினார்கள். குறைகூறல் எழுந்தபின் புள்ளிக் கணக்கு திருத்தப்பட்டு, 2026 சேர்க்கைக்குப் புதிய அட்டவணை வகுக்கப்பட்டது. பாடத்திட்டத்தைத் தொடாமல், வாயிலில் உள்ள எண்களை மட்டும் மாற்றியே நிலைமையைச் சீர்செய்ய முடியும் என்று அவர்கள் நம்பியதை நான் மதிக்கிறேன்.

என் தேர்வு

ஆண்டுகளைக் கூட்டுவதும் குறைப்பதும் தன்னளவில் சீர்திருத்தம் ஆகாது. கானா 2007இல் மேல்நிலையை நான்காண்டாக்கி 2009இல் மீண்டும் மூன்றாண்டாக்கியதில், 2013இல் இரண்டு அணிகள் ஒன்றாகப் பள்ளியை முடித்ததைத் தவிர நிலைத்த பயன் எதையும் நான் காணவில்லை. ஹாங்காங்கில் பயன் விளைந்ததற்குக் காரணம், குறைத்த ஆண்டு பட்டப்படிப்பில் போய்ச் சேர்ந்ததுதான்.

முழு அமைப்பையும் மாற்றும் வாய்ப்பும் பணமும் இருக்குமானால், பட்டப்படிப்பின் நீளத்தையும் சேர்த்தே மாற்றும் ஹாங்காங்கின் அணுகுமுறை, ஐ.பி.யில் உள்ளதுபோல் இரண்டு ஆழங்களில் பாடங்கள், பின்லாந்தில் உள்ளதுபோல் பகுதி பகுதியாக எழுதத்தக்க தேர்வு ஆகிய மூன்றையும் இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆறு பாடங்களுக்குப் பதிலாக ஐந்து போதும். இரண்டு ஆழமாக, மூன்று பொதுநிலையில் என்றால் சிறிய பள்ளியும் தாங்கும். கட்டாயப் பாடங்களில் மொழியும் கணிதமும் தேறினால் போதும் என்ற அளவில் நிற்கட்டும். அவற்றின் உயர் மதிப்பெண் தரவரிசையில் ஏற வேண்டாம்.

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் இடம் உண்டு என்றால், பாடத்திட்டத்தைத் தொடமாட்டேன். இறுதித் தேர்வை அதன் இயல்பான காலத்திலேயே நடத்தி, முடிவுகள் கையில் கிடைத்தபின் விண்ணப்பம் பெற்று, அதற்குத் தேவையான வாரங்களைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுத் தொடக்கத்தைத் தள்ளிவைத்துப் பெற்றுத் தருவேன். அந்த வாரங்களில் முதலாண்டு மாணவருக்கு வகுப்பு தாமதமாகும். பதினேழு வயதில் கணிக்கப்பட்ட ஒரு தரத்தை நம்பித் துறையைத் தேர்வதோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு.