கையால் தைத்த ஒட்டுப்போர்வையை மெத்தைக் கடை மெஷினுக்குக் கொடுக்கும் முன்

பழைய புடவைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் கவனத்துக்கு. டெல்டா பக்கம் மெத்தை, ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை) தைக்கும் கடை ஒன்று, "எந்தக் குயில்ட்டாக இருந்தாலும் மெஷின் ஓட்டித் தரப்படும்" என்று ஆர்டர் வாங்குகிறது. அங்கே கொடுத்த 60-க்கு 90 அங்குலப் போர்வை பாழாகித் திரும்பியிருக்கிறது. எது கெட்டது, ஏன் கெட்டது என்பதை இங்கே எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். இதே மெஷினை வைத்துக்கொண்டு இதே பேச்சைப் பேசும் கடைகள் இன்னும் இருக்கக்கூடும். பெயரைவிட வேலையைப் பார்த்து அடையாளம் காண்பதுதான் பயன்.

கொடுத்தது இது: பட்டும் பருத்தியும் கலந்த கூறைநாட்டுக் கட்டங்கள், சாதாரணக் காட்டன் புடவைத் துண்டுகள், நடுவில் திருபுவனம் பட்டின் ஜரிகை முந்தானையில் இருந்து நான்கு சதுரங்கள். அந்த நான்கும் சேரும் இடத்தில், தேரை அலங்கரிக்கும் தேர்ச்சீலையில் துணி வெட்டி ஒட்டுவதுபோல் ஒரு மயில். மூலையில் சங்கிலித் தையலில் குழந்தையின் பெயர். சொன்னது: மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பருத்திப் பஞ்சு ஷீட், மயிலின் மேல் தையல் ஏறக்கூடாது. பருத்திக்கான பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

வந்தது: மயிலின் கழுத்துக்குக் குறுக்கே மூன்று தையல் வரி. பட்டுச் சதுரங்களில் ஜரிகை இழை இழுபட்டு நிற்கிறது. அடித்துணியில் சுருக்கம் மடிந்து அப்படியே தைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பது பாலியெஸ்டர். கேட்டதற்குக் கிடைத்த பதில், "ரெண்டு தண்ணி பட்டா எல்லாம் சரியாயிடும்மா."

சரியாகாது. காரணம் மெஷினிலேயே இருக்கிறது.

ரஜாய், மெத்தை உறை தைக்கும் பல ஊசி மெஷினில் ஊசிகள் ஒரே சட்டத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். துணி ரோலில் இருந்து இழுபட்டு அடியில் ஓடும். எல்லா ஊசியும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறும். ஒரே கனமுள்ள, மூட்டே இல்லாத மீட்டர் துணிக்காகச் செய்த மெஷின் அது. நம் போர்வையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு மூட்டு. மூட்டுக்கு அடியில் கால் அங்குல மடிப்பு. நான்கு துண்டு சேரும் இடத்தில் எட்டு அடுக்குத் துணி. அந்த இடத்தில் ஊசி வளையும், தையல் தாவும். மயில் வந்தால் ஒரு ஊசியை மட்டும் விலக்கிச் சுற்றிப் போக அதற்கு வழியே இல்லை. ஆகவே "மயிலை விட்டுவிட்டு ஓட்டுகிறோம்" என்று அந்த மெஷினை வைத்திருப்பவர் சொன்னால், அது அறியாமை அல்ல, பொய். தன் மெஷின் என்ன செய்யும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாதா என்ன?

இன்னொன்று. அந்த வகை மெஷின்களில் பல, சங்கிலித் தையல் போடுபவை. மேலே பார்த்தால் சாதாரணத் தையல்போலத்தான் இருக்கும். அடியில் திருப்பினால் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். ஓர் இடத்தில் நூல் அறுந்து முனை இழுபட்டால் வரி முழுக்க உருவிக்கொண்டு வரும். கைக்குழந்தைக்குப் போர்த்தும் துணிக்கு இது ஆகாது. கொடுக்கும் முன்பே கடையில் தைத்த ஒரு போர்வையை வாங்கித் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது பாபின் போட்ட பூட்டுத் தையல்.

ஒட்டுப்போர்வைக்கு ஏற்றது ஒற்றை ஊசி மெஷின். நீளக்கை மெஷின் என்றால் போர்வை உருளைகளில் இழுத்துக் கட்டப்பட்டு நிற்கும், தலை மட்டும் நகரும். அது கிடைக்காத ஊரில், வீட்டுத் தையல் மெஷினிலேயே துணியை நகர்த்தும் அடிப்பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையால் எந்தப் பக்கமும் நகர்த்த விடும் டார்னிங் ஃபுட் போட்டு ஓட்டத் தெரிந்த டெய்லர் போதும். நேர்வரிகளுக்குப் பல்லை இறக்க வேண்டாம். மேலிருந்தும் துணியை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டினால் மேல்துணியும் அடித்துணியும் சம வேகத்தில் நகரும், சுருக்கம் விழாது. 14 நம்பர் ஊசி, தையல் நீளம் இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல். இதைக் கேட்டதும் "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று முகத்தைத் திருப்புகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

சுருக்கத்துக்கு வருவோம். "உங்க துணி கோணல், அதான் சுருங்குது" என்று கடையில் சொன்னார்கள். இதை மறுக்க அளவு கையில் இருக்க வேண்டும். மேல்துணியின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். 60-க்கு 90 என்றால் இரண்டுமே 108 அங்குலத்துக்குச் சற்று மேல் வரவேண்டும். இந்தப் போர்வையில் அந்த அளவு சரியாகவே இருந்தது. அடித்துணியை இழுத்துக் கட்டாமல் விட்டதுதான் குற்றம். நீளக்கை மெஷினுக்கு அடித்துணியும் பஞ்சும் நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக, 68-க்கு 98 ஆக இருக்க வேண்டும். கிளிப் பிடிக்க அந்த இடம் தேவை. பில் போடும்போதும் இதைக் கவனியுங்கள். 60-க்கு 90 என்பது முப்பத்தேழரை சதுர அடி. 68-க்கு 98 என்று கணக்கிட்டால் 46 சதுர அடியைத் தாண்டும். எந்த அளவுக்குக் கூலி என்பதை முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால், ஒன்பது சதுர அடி சும்மா ஏறும்.

பஞ்சு மாற்றியதைக் கண்டுபிடிப்பது எளிது. ஓரத்தில் இருந்து சிறு பிசிறு எடுத்துக் கொளுத்தினால் பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். விரலில் தேய்த்தால் பொடியும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். ஆனால் ஓரப்பட்டி தைத்த பிறகு பிசிறு கிடைக்காது. அதனால் ஓரம் வெட்டாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள், பட்டியை நீங்களே போடுங்கள். எடையும் ஒரு சாட்சி: மேல்துணி, அடித்துணி இரண்டையும் கொடுக்கும்போது மளிகைக் கடைத் தராசிலாவது போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 68-க்கு 98 அங்குலம் ஏறக்குறைய 4.3 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் பஞ்சு என்றால் திரும்பி வரும்போது எடை 860 கிராம் கூடியிருக்க வேண்டும். 430 மட்டும் கூடினால் உள்ளே 100 ஜிஎஸ்எம் ஷீட்தான் இருக்கிறது. மலிவான பாலியெஸ்டருக்கு இன்னொரு கெட்ட குணம், கறுப்பு, அரக்கு போன்ற அடர் நிறத் துணியின் இழைகள் வழியாக வெள்ளை முடிபோல் வெளியே நீட்டும். பிடுங்கினால் பின்னாலேயே இன்னும் வரும். "இலவம் பஞ்சு போட்டுத் தருகிறோம், குளிர்ச்சி" என்பார்கள், அதையும் ஏற்க வேண்டாம். உதிரிப் பஞ்சு தலையணைக்குச் சரி. மெஷின் வரிகளுக்கு நடுவே துவைத்ததும் கட்டி கட்டியாகத் திரளும்.

இனி அலங்காரம். போர்வைக்கு உயிரே அதில்தான், கெடுவதும் அதில்தான். தட்டையாக ஒட்டித் தைப்பது, பெயர் தைப்பது, பூவேலை எல்லாம் மேல்துணியிலேயே, பஞ்சு வைப்பதற்கு முன் முடிய வேண்டும். பின்னால் செய்தால் முடிச்சுகள் அடித்துணியில் தெரியும். கண்ணாடி, மணி, பித்தான், சம்கி எதுவானாலும் மெஷின் வேலை முடிந்த பிறகு கையால்தான். ஃபுட் கண்ணாடியில் மோதினால் ஊசி உடைவது சின்ன நஷ்டம், மெஷினின் டைமிங்கே, அதாவது ஊசியும் அடிக் கொக்கியும் சேரும் கணக்கே, போய்விடும். ஒட்டிய உருவத்தைச் சுற்றிக் கால் அங்குலம் தள்ளி ஒரு வரி, அதற்கு அரை அங்குலம் தள்ளி இன்னொன்று என்று ஓட்டச் சொன்னால் உருவம் மேலெழும்பி நிற்கும். வாயால் சொல்வது போதாது. போர்வையை போட்டோ எடுத்து, தையல் போகக்கூடாத இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, ரசீதோடு கடைக்காரர் கையெழுத்து வாங்குங்கள்.

ஜரிகைப் பட்டுக்குத் தனி ஜாக்கிரதை. பின்பக்கம் சூடு வைத்து ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் கொடுக்காமல் மெஷினில் விடவே கூடாது. ஜரிகை இப்போதெல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழை என்பதால் இஸ்திரிச் சூடு குறைவாக இருக்கட்டும். முந்தானை மடிப்பில் துணி ஏற்கெனவே நைந்திருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

அடையாளம் போடுவதிலும் கடைகள் கெடுக்கும். சூட்டில் மறையும் பேனா கோடு குளிரில் திரும்பத் தெரியலாம். தண்ணீரில் போகும் நீலப் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரி ஓடினால் பழுப்பாக நிலைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போர்வையைக் கடையில் விட்டுவைப்பதும் வேண்டாம். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சேஃப்டி பின் ஈரத்தில் துருவேறிப் புள்ளி விடும், அது போகாது. பின்னுக்குப் பதில் உள்ளங்கை அகல இடைவெளியில் வெள்ளை நூலால் இழையோட்டிக் கொடுப்பது நல்லது.

பணம் முழுதும் கொடுக்கும் முன் கடையிலேயே பெஞ்சில் விரித்து இரண்டு பக்கமும் பாருங்கள். அடி நூல் புள்ளி புள்ளியாக மேலே தெரிந்தால் மேல் டென்ஷன் (மேல் நூலின் இழுவிசை) இறுக்கம். அடியில் வளைவுகளில் நூல் தொங்கினால் மேல் டென்ஷன் தளர்வு. இரண்டையுமே பிரித்து ஓட்டித்தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. மறுத்தால் ரசீது, போட்டோ, எரித்துப் பார்த்த பிசிறின் மீதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு, கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே கெட்டதைப் பிரிக்க வேண்டுமா? சங்கிலித் தையல் என்றால் தைத்து முடித்த முனையைக் கண்டுபிடித்து அங்கிருந்து இழுங்கள், மறு முனையில் இருந்து வராது. பூட்டுத் தையல் என்றால் அடிப்பக்கம் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றை வெட்டி, மேல் நூலை உருவுங்கள். பருத்தியில் ஊசி ஓட்டைகள் தண்ணீர் தெளித்து நகத்தால் நீவினால் பெரும்பாலும் மூடிவிடும். பட்டில் மூடாது, அந்தச் சதுரங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.